அனுப்பும் முன் ரெஃபரன்ஸைத் திறந்து பாருங்கள்

சென்ற வாரம் எடிட்டிங்குக்கு வந்த ஒரு நீரிழிவுக் கட்டுரையின் ரெஃபரன்ஸ் பட்டியலில், அதாவது மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் பட்டியலில், திருத்துவதற்கு ஒரு காற்புள்ளிகூட இல்லை. மருத்துவ ஜர்னல்களில் ரெஃபரன்ஸ் எழுதும் முறையான வான்கூவர் ஸ்டைல் அச்சாகப் பொருந்தியிருந்தது. ஆறு பெயர்கள், பிறகு எட் ஆல் (மற்றும் பலர்), ஜர்னலின் சுருக்கப் பெயர், ஆண்டு, வால்யூம், பக்கம், கடைசியில் கட்டுரையை இணையத்தில் திறக்கும் நிரந்தர எண்ணான டிஓஐ. அந்த டிஓஐகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒன்று மண்வளம் பற்றிய கட்டுரைக்குப் போனது. இன்னொன்று எங்கேயும் போகவில்லை. தலைப்புகளை, மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமான பப்மெட்டில் தேடினேன். அப்படிக் கட்டுரைகளே இல்லை. எழுதிய ஆய்வு மாணவரை ஃபோனில் கேட்டேன். "சாட்ஜிபிடி குடுத்தது மேடம். ஆனா ஃபார்மேட் கரெக்டாத்தானே இருக்கு?" என்றார்.

இதே பதிலை இந்த வருடம் பலரிடம் கேட்டுவிட்டேன். இனியும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளாது என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

ஃபார்மேட் சரியாக இருந்தால் ரெஃபரன்ஸ் சரி என்று யார் உங்களுக்குச் சொன்னது? காற்புள்ளியும் சாய்வெழுத்தும் என் வேலை. நீங்கள் தப்பாகப் போட்டால் நான் சரிசெய்துவிடுவேன், மென்பொருள் இன்னும் வேகமாகச் செய்துவிடும். ஆனால் ஒரு வாக்கியத்தின் முடிவில் 14 என்று எண் போடும்போது, "இதை நான் படித்தேன், அதில் இப்படித்தான் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் போய்ப் பாருங்கள்" என்று வாசகருக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள். அதை உங்களுக்காக நான் கொடுக்க முடியாது. உங்கள் கைடும் முடியாது.

ஏஐ வந்ததால் வந்த வினை என்று சிலர் சொல்கிறார்கள். பழக்கம் அதற்கு முந்தியது. ரெஃபரன்ஸ் எழுதும் முறையைக் காட்ட, ஜர்னல் பதிப்பகமான எல்சிவியர் தன் வழிகாட்டியில் ஒரு மாதிரி வைத்திருந்தது. வான் டெர் கீர் முதலிய மூவர் 2000இல் எழுதியதாக ஒரு கற்பனைக் கட்டுரை. கட்டுரையும் கிடையாது, அந்த ஜர்னலும் கிடையாது. 2017இல் தேடிப் பார்த்தபோது ஏறத்தாழ 400 வெளியீடுகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. டெம்ப்ளேட்டில் இருந்த மாதிரி வரியை அழிக்காமலே பலர் அனுப்பியிருக்கிறார்கள். வரி பார்க்க ஒழுங்காக இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை.

அதைவிடக் கொடுமையானது, கட்டுரை உண்மையாகவே இருந்து அதை யாரும் படிக்காமல் போவது. 1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. ஒரே பத்தி, ஐந்து வாக்கியம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஓபியம் வகை வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்குத்தான் புதிதாக அடிமைத்தனம் பதிவானது என்றது. மருத்துவமனைக்குள், கண்காணிப்பில் கொடுத்த மருந்து. பின்னால் வந்தவர்கள் இதையே, வீட்டில் மாதக்கணக்கில் சாப்பிட்டாலும் அடிமையாக மாட்டார்கள் என்பதற்குச் சான்றாகக் காட்டினார்கள். 2017இல் அதே ஜர்னலில் வந்த கணக்குப்படி, கடிதத்தை மேற்கோள் காட்டிய வெளியீடுகள் 608. அவற்றில் 491, நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு இதுவும் ஒரு காரணம் என்று அந்தக் கணக்கை எடுத்தவர்கள் எழுதினார்கள். அந்தக் கடிதத்துக்கு வால்யூம் 302, பக்கம் 123 என்று பிழையில்லாமல் எழுதுவதில் என்ன பெருமை? திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் படித்து முடித்துவிடலாம்.

அடுத்தவர் கட்டுரையின் பட்டியலிலிருந்து ரெஃபரன்ஸை அப்படியே எடுத்துப் போடுவது எனக்கு உடனே தெரிந்துவிடும். அவர் செய்த எழுத்துப்பிழையும் சேர்ந்தே வந்திருக்கும். மூலம் கிடைக்காவிட்டால், இன்னார் நூலில் இன்னார் எடுத்துக்காட்டியது என்று உள்ளபடி எழுதுங்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறையான ஏபிஏ ஸ்டைலில் அதற்கு வழி இருக்கிறது.

ரெஃபரன்ஸ்களைச் சேகரித்து அடுக்கித்தரும் சொடேரோ, மெண்டலே போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் சேகரிப்பில் இருந்தால் சொடேரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும். தயவுசெய்து அந்தப் பட்டையைத் தாண்டிப் போகாதீர்கள். ஆனால் உள்ளே போன விவரம் தப்பு என்றால் இவை தப்பைத்தான் அழகாக அச்சிடும். குறிப்பாக நம் பெயர்களில். முருகன் கந்தசாமி என்பவரின் கட்டுரையைச் சேர்த்தால், கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு "கந்தசாமி எம்" ஆக்கிவிடும். கந்தசாமி அவருடைய அப்பா. ஆறாவது ரெஃபரன்ஸில் "முருகன் கே", பத்தொன்பதாவதில் "கந்தசாமி எம்" என்று ஒரே ஆள் இரண்டு பேராக நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவருக்குச் சேரவேண்டிய மேற்கோள் இப்படித்தான் சிதறுகிறது. அந்தந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதும் கட்டுரைகளில் உங்கள் பெயரை முதல் கட்டுரையிலிருந்தே ஒரே வடிவத்தில் போடுங்கள், ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விபரீதம். சிமிலாரிட்டி சதவீதத்தை, அதாவது மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போவதாக மென்பொருள் காட்டும் அளவை, குறைக்க, பட்டியலில் உள்ள கட்டுரைத் தலைப்புகளையே சொல் மாற்றி எழுதி அனுப்புகிறார்கள். யுஜிசியின் 2018 விதிமுறையே ரெஃபரன்ஸ் பட்டியலை ஒப்பீட்டிலிருந்து விலக்கச் சொல்கிறது. தலைப்பை மாற்றினால் வாசகர் அந்தக் கட்டுரையை எப்படித் தேடிப் பிடிப்பார்? உங்கள் லைப்ரரியனிடம் போய், விலக்கும் செட்டிங்கைப் போட்டு ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

அனுப்பும் முன் செய்யவேண்டியவை பெரிய வேலையெல்லாம் இல்லை. ஜர்னலின் வழிகாட்டியைப் படியுங்கள், சீனியர் சொன்னதைக் கேட்டுப் போடாதீர்கள். ஏபிஏ ஏழாம் பதிப்பில் 20 ஆசிரியர்கள் வரை எல்லாப் பெயரும் வரவேண்டும். பதிப்பகத்தின் ஊர் இப்போது தேவையில்லை. மூன்று பேர் அல்லது அதற்கு மேல் என்றால் கட்டுரைக்குள் முதல் இடத்திலிருந்தே எட் ஆல். டிஓஐயை முழு இணைப்பாகக் கொடுத்து ஒவ்வொன்றையும் சொடுக்குங்கள். திறக்கும் பக்கத்தின் தலைப்பு உங்கள் பட்டியலில் உள்ளதுதானா என்று பாருங்கள். கட்டுரைக்குள் வரும் எண்ணெல்லாம் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் உள்ளதெல்லாம் உள்ளே வருகிறதா என்று பென்சிலால் டிக் அடியுங்கள். மூன்று பேர் சேர்ந்து எழுதினால் ஒரே மென்பொருளை, ஒரே சேகரிப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொன்று வைத்தால் எண்கள் குழம்பிப்போகும்.

அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் புரூஃபோடு வரும் கேள்விகளுக்குத் தயவுசெய்து பதில் எழுதுங்கள். "17ஆம் ரெஃபரன்ஸ் கட்டுரைக்குள் எங்கும் வரவில்லை, இடம் சொல்லவும்" என்று கேட்டால், "பொருத்தமான இடத்தில் போட்டுக்கொள்ளவும்" என்று பதில் வருகிறது. எந்த இடம் பொருத்தம் என்பது அதைப் படித்த உங்களுக்குத்தான் தெரியும். படிக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், குறைந்த எண்ணிக்கைக்காக யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை. தேடியும் கிடைக்காத ரெஃபரன்ஸை நீக்கும்போது, அதை நம்பி நீங்கள் எழுதிய வாக்கியத்தையும் சேர்த்து நீக்குங்கள். வேறொரு கட்டுரையைத் தேடிப் பிடித்து அந்த எண்ணில் செருகாதீர்கள்.