ஆர்சன்: தமிழில் தீவைப்பு

பிறருடைய கட்டடம், பொருள், நிலம் எதற்கேனும் தீய எண்ணத்தோடு தீ வைக்கும் குற்றத்துக்கு ஆங்கிலச் சட்டமொழியில் ‘ஆர்சன்’ என்று பெயர். காட்டுத்தீ பற்றிய செய்திகளில் இன்று அடிக்கடி தலைகாட்டும் இந்தச் சொல்லுக்குள் தொடக்கத்தில் காடே இடம்பெறவில்லை.

லத்தீனில் ‘ஆர்தேரே’ என்றால் எரிதல். அதிலிருந்து ‘ஆர்சியோ’ பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேரில் குற்றத்தின் சாயல் இல்லை. அதை ஏற்றியது சட்டம், அதுவும் மிகக் குறுகலாக. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டப்படி, பிறர் குடியிருக்கும் வீட்டை எரித்தால்தான் அது ஆர்சன். காட்டை அந்த வரம்புக்குள் கொண்டுவந்தவை பின்னாளில் இயற்றப்பட்ட சட்டங்களே.

கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 450ஆம் பிரிவு, ‘காட்டு நிலம்’ என்பதில் புதர் மண்டிய நிலத்தையும் புல்வெளியையும்கூடச் சேர்க்கிறது. அங்கே வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு தீ வைத்தால் 451ஆம் பிரிவின்படி 2, 4 அல்லது 6 ஆண்டு சிறை. ஆபத்து பெரிது என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் தீ மூளச் செய்தால் 452ஆம் பிரிவு. தண்டனை குறைவு, அதற்கு ஆர்சன் என்ற பெயரும் கிடையாது. குடிபோதையால் ஆபத்தை உணரவில்லை என்று சொல்லியும் தப்ப முடியாது. தானே விரும்பிக் குடித்தவர் பொருட்படுத்தாதவராகவே கருதப்படுவார்.

2006இல் தென் கலிபோர்னியாவில் எரிந்த எஸ்பெரான்சா தீ முதல் வகை. தீக்குச்சிகளையும் சிகரெட்டையும் சேர்த்துக் கட்டிய கருவியால் வைக்கப்பட்ட தீ அது. 5 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். வைத்தவர்மீது கொலைக் குற்றமும் நிரூபிக்கப்பட்டது. 2020இல் எல் டொராடோ தீயைக் கிளப்பியது, பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் விழாவில் கொளுத்திய புகைக் கருவி. மலையை எரிக்க அங்கே யாரும் எண்ணவில்லை. ஆனாலும் ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சட்டம் இந்த இரண்டையும் ஒரே குற்றத்தில் பிணைக்கிறது. தீயைத் தெரிந்தே மூட்டி, அது பிறர் நிலத்துத் தாவரங்களுக்கோ பொது நிலத்துக்கோ பரவுவதைப் பொருட்படுத்தாமல் விட்டாலே போதும். அதற்கான உச்சத் தண்டனை 2018இல் 14 ஆண்டிலிருந்து 21 ஆண்டாக உயர்த்தப்பட்டது.

தமிழில் என்ன சொல்வது? ‘எரியூட்டல்’ அழகான சொல்தான், ஆனால் இன்றைய வழக்கில் அது சிதையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘கொள்ளி வைத்தல்’ என்பதற்கும் அதே கதி. தொல்காப்பியத்தின் வஞ்சித்திணையில் வரும் ‘எரிபரந்தெடுத்தல்’ பகைவர் நாட்டை எரிக்கும் போர்ச்செயல். அதைக் குற்றமாக அந்த இலக்கணம் பார்க்கவில்லை. ‘தீவைப்பு’தான் சரி. வைத்தல் என்ற வினைக்குள்ளேயே வைத்தவர் ஒருவர் இருக்கிறார், அவருடைய எண்ணமும் இருக்கிறது. காட்டைக் குறிக்கும்போது ‘காட்டுத் தீவைப்பு’ எனலாம். 452ஆம் பிரிவு போன்றவற்றுக்கு ‘பொறுப்பற்ற தீமூட்டல்’ பொருந்தும். ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் பிழை; ஆபத்தைக் கவனிக்காதவர் வேறு, கவனித்தும் துணிந்தவர் வேறு.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ‘தீ விபத்து’. ஒருவர் கைதான செய்தியிலும் அந்தச் சொல்லே வருகிறது. குற்றம் இன்னும் உறுதியாகவில்லை என்றால் ‘காட்டுத்தீ’ என்றோ ‘தீவைப்பு எனச் சந்தேகம்’ என்றோ எழுதலாமே. விபத்து என்று எழுதிய கணத்தில் வைத்த கை மறைந்துபோகிறது.

வனத்துறையினர் உரிய அனுமதியோடு சருகுகளைக் கொளுத்துவது இதில் சேராது. அது ‘திட்டமிட்ட எரிப்பு’. ‘பைரோமேனியா’வும் இதற்கு ஈடான சொல் அன்று. அது தீ வைக்கும் உந்துதலை அடக்க முடியாத மனநோயின் பெயர். தீவைப்பு வழக்குகளில் பிடிபடுவோரில் மிகச் சிலருக்கே அது பொருந்தும்.