மேலே ஏறும் மழைநீர்: காருக்குள் ஒழுகும் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டு வாசல் ஏற்றமான இடம் என்பதால் காரின் முன்பக்கம் மேட்டைப் பார்த்தபடி நிறுத்துகிறார். பக்கத்தில் சில்வர் ஓக் மரம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் இடப்பக்கப் பின்சீட்டின் காலடியில் தண்ணீர் நிற்கிறது. பின்கதவின் ரப்பர் பீடிங்கைப் புதிதாக மாற்றிவிட்டார். ஓரமெல்லாம் சிலிகானும் அப்பியாயிற்று. அடுத்த மழைக்கும் அதே இடத்தில் அதே ஈரம். "கூரை காய்ந்திருக்கிறது, கதவும் காய்ந்திருக்கிறது. தண்ணீர் என்ன தரையிலிருந்து ஊறுகிறதா?" என்று கேட்கிறார்.

அவர் கவனித்ததில் தப்பே இல்லை. காரைப் பொறுத்தவரை தண்ணீர் தென்படும் இடமும் அது நுழையும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அந்தப் பாதையைத் தேடுவதற்கு முன்னால் இது எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மழையே இல்லாத நாளில் முன்சீட்டின் இடப்பக்கக் காலடி நனைந்தால் முதலில் ஏசியைச் சந்தேகப்படுங்கள். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். ஏசியின் கூலிங் காயில் அதை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் 9 கிராம்தான் தாங்கும். மீதி 15 கிராம் காயிலின் மேல் நீராகப் படியும். மணிக்கு 100 கன மீட்டர் வெளிக்காற்று அந்த வழியாகப் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை லிட்டர் தண்ணீர். இதெல்லாம் ஒரு சிறிய டிரெயின் டியூப் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். தூசியோ குளவிக் கூடோ அந்த டியூபை அடைத்தால், நீர் பெட்டியில் நிரம்பி உள்ளே வழியும். நம் ஊர் கார்களில் அந்தப் பெட்டி பெரும்பாலும் டேஷ்போர்டின் நடுவிலோ இடப்பக்கமோ இருப்பதால்தான் இடது காலடி நனைகிறது. ஈரம் பிசுபிசுப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். ஹீட்டர் காயில் ஒழுகுகிறது, உடனே மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

கோத்தகிரி குளிரில் வாசகர் ஏசி போடுவதில்லை. தண்ணீரிலும் பிசுபிசுப்பு இல்லை என்கிறார். மழைக்குப் பிறகுதான் வருகிறது. அப்படியானால் இது மழைநீர்தான்.

சரி, கார் ஒன்றும் நீர் புகாத டப்பா கிடையாது. அப்படி யாரும் அதை வடிவமைப்பதும் இல்லை. கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக ஒவ்வொரு மழைக்கும் கதவுக்குள் தண்ணீர் போகிறது. போகட்டும் என்றுதான் விட்டிருக்கிறார்கள். கதவின் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள், சிறு துளைகள் தட்டுப்படும். உள்ளே போன தண்ணீர் அந்த வழியாக வெளியேறிவிடும். உட்புறக் கதவு அட்டையைக் கழற்றினால், கருப்புப் பசை வைத்து ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள் தெரியும். கதவின் உட்குழியில் இறங்கும் நீரை இந்தப் பக்கம் வரவிடாமல் தடுப்பது அந்தத் தாள்தான். ஸ்பீக்கர் மாட்டவோ கண்ணாடி மோட்டாரைச் சரிசெய்யவோ அதைப் பிய்த்துவிட்டுப் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் மூடிவிட்டால், அன்றிலிருந்து மழை அறைக்குள் வரும். வெளி பீடிங்கை எத்தனை முறை மாற்றினாலும் இது நிற்காது. சன்ரூஃப் கதையும் இதேதான். ஓரத்தில் கசியும் நீரை ஒரு தட்டு ஏந்திக்கொள்ளும், அதன் மூலைகளிலிருந்து டியூப்கள் தூண்களுக்குள் ஓடிக் கீழே இறங்கும். வைப்பருக்கு அடியில், முன்கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே உள்ள பள்ளமும் அப்படித்தான். கண்ணாடியில் விழும் மழை முழுவதும் அங்கே சேர்ந்து, இரு பக்கமும் வடிந்து போக வேண்டும். இந்த வடிகால்களில் எது அடைத்தாலும் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீருக்கு உலோகத் தகடுகளின் இடுக்குகளில் நிறைய வழி கிடைக்கும்.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

காரின் உடல் என்பது தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, அங்கங்கே புள்ளி வெல்டிங் செய்து சேர்த்தது. வெல்டிங் புள்ளியில் தகடுகள் இறுகியிருக்கும், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மயிரிழை அளவு விலகியிருக்கும். தொழிற்சாலையில் இந்த மூட்டுகளின் மேல் சீலன்ட் பூசிச் சூளையில் வைத்து இறுகச் செய்கிறார்கள். குண்டும் குழியுமான சாலையில் வருடக்கணக்கில் உடல் முறுக்கி முறுக்கி, ஓரிடத்தில் சீலன்ட் விரிசல் விட்டால், அந்த மயிரிழை இடுக்கு நீரைத் தொட்டுவிடும்.

தொட்டவுடன் நீர் மேலே ஏறும். நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிடித்துக்கொள்வதோடு, நனையக்கூடிய சுவரையும் பற்றிக்கொள்கின்றன. இடுக்கின் இரண்டு சுவர்களிலும் நீரின் விளிம்பு மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. இழுக்கும் விளிம்புகள் எப்போதும் இரண்டுதான், இடுக்கு அகலமோ குறுகலோ அதில் மாற்றமில்லை. ஆனால் இடுக்கைப் பாதியாக்கினால் தூக்க வேண்டிய நீரின் எடை பாதியாகிவிடும். அதே இழுவிசை இப்போது இரண்டு மடங்கு உயரத்துக்குத் தூக்கும். சுத்தமான கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நீர் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும். இடைவெளி 0.1 மில்லிமீட்டர் என்றால் 15 சென்டிமீட்டர், அதாவது ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்! பெயின்ட் அடித்த தகட்டில் இது குறையும், மெழுகு பூசிய பரப்பில் ஏறவே ஏறாது. தூசியும் மண்ணும் படிந்த பழைய இடுக்கில் மறுபடி நன்றாக ஏறும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் தட்டுகளை நன்றாகக் கழுவி எதிரெதிரே வையுங்கள். ஒரு பக்க விளிம்பு ஒட்டியிருக்கட்டும், மறுபக்க விளிம்பில் ஒரு தீக்குச்சியைச் செருகி, ரப்பர் பேண்ட் போட்டு, மை கலந்த நீரில் நிமிர்த்தி நிறுத்துங்கள். தீக்குச்சிப் பக்கம் நீர் கொஞ்சமாக ஏறும், ஒட்டிய பக்கம் நெருங்க நெருங்கச் சரசரவென்று உயர்ந்துகொண்டே போகும். நீரின் மேல்விளிம்பு அழகான ஒரு வளைகோடாக நிற்கும். அது அதிபரவளையம் என்று 1712-இல் கண்டு சொன்னவர் புரூக் டெய்லர், கணக்குப் பாடத்தில் டெய்லர் தொடர் என்று வருகிறதே, அவரேதான். காரின் தகட்டு மூட்டிலும் இதே ஆப்பு வடிவ இடுக்குதான் இருக்கிறது. நீர் அங்கே வெல்டிங் புள்ளியை நோக்கித் தானாக இழுபடும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். ஏறிய நீர் உச்சியில் உள்ளே கொட்டிவிடுமா? கொட்டாது. எந்த விசை நீரை மேலே இழுத்ததோ அதே விசை இடுக்கின் வாயிலேயே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிக் கொட்டினால் அந்த நீரை வைத்து ஒரு சக்கரத்தைச் செலவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கலாம், இயற்கை அதற்கு இடம் தராது. நீர் உள்ளே வர இன்னொன்று நடக்க வேண்டும். இடுக்கு மேலே போய் வளைந்து, மறுபக்கம் வெளியே தேங்கிய நீரின் மட்டத்தைவிடத் தாழ்வாக இறங்க வேண்டும். அல்லது இடுக்கின் வாயை, டேஷ்போர்டுக்கு அடியில் சத்தத்தைக் குறைக்க ஒட்டியிருக்கும் பஞ்சுப் பட்டை தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பஞ்சு தன் இழைகளுக்கு நடுவே நீரை வாங்கி, கீழே கடத்தி, தாழ்ந்த நுனியில் சொட்டவிடும்.

ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, பழைய வேட்டித் துணியில் ஒரு கீற்றை நனைத்து, ஒரு முனை நீருக்குள்ளும் மறுமுனை டம்ளருக்கு வெளியே அதன் அடிக்கும் கீழே தொங்கும்படியும் போடுங்கள். காலையில் பார்த்தால் டம்ளர் காலியாகியிருக்கும். அவசரமே இல்லாமல், துளித் துளியாக, மழை நின்ற பிறகும் மணிக்கணக்கில் நடக்கும் வேலை இது. வாசகருக்கு மழையின்போது தெரியாமல் மறுநாள் காலையில் தண்ணீர் தெரிவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளிருந்து சிலிகான் அப்புவது ஏன் பலிக்காது என்பதும் இப்போது புரியும். வெளியேறும் வாயை அடைத்தால், நீர் அதே இடுக்கில் பக்கவாட்டில் நகர்ந்து வேறு வாயைத் தேடிக்கொள்ளும். அடைக்க வேண்டியது நனையும் பக்கத்தில், அதாவது வெளியே. பார்த்த இடமெல்லாம் சிலிகான் பூசும் பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. பின்னால் அந்த இடத்தில் முறையான சீலன்டோ பெயின்டோ ஒட்டாமல் போய்விடும்.

இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓட்டும்போது மட்டும் ஒழுகுவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் மோதல் அழுத்தம் சுமார் 300 பாஸ்கல். அது 3 சென்டிமீட்டர் உயர நீரைத் தள்ளும். வாசலில் நின்றபோது சொட்டாத கார் மேட்டுப்பாளையம் தாண்டியதும் சொட்டுவதற்கு அது போதும். இன்னொன்று, வயர். எஞ்சின் பக்கமிருந்து அறைக்குள் வரும் வயர்க்கட்டு ஒரு ரப்பர் வளையத்தின் வழியாக வருகிறது. ஃபாக் லாம்ப், ஹாரன் என்று மாட்டித் தரும் கடைகளில் அந்த ரப்பரைக் குத்தி ஒரு புது வயரை நுழைத்துவிடுவதுண்டு. மழைநீர் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே நடந்து வரும். ரப்பருக்கு வெளியே வயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்தால், வளைவின் அடியில் நீர் சொட்டிப் போய்விடும். அந்தச் சின்ன வேலையைச் செய்யும் கைகள் குறைவு.

இப்போது தேடும் முறை. காலடி கார்ப்பெட்டைத் தூக்கி, கீழே உள்ள ஃபோமை அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும்போதே ஃபோம் நிறைய நீரைப் பிடித்து வைத்திருக்கும். எல்லாவற்றையும் துடைத்து, தகட்டின் மேல் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். மற்றவர் வெளியே சாதாரண ஹோஸ் பைப்பில், வேகமில்லாமல், கீழிருந்து மேலாக ஒவ்வொரு பகுதியாக நனைக்கட்டும். ஒரு பகுதிக்குப் பத்து நிமிடமாவது கொடுங்கள், பஞ்சு வழியாக வரும் நீருக்கு அவ்வளவு நேரம் தேவை. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்துவிடும், எந்த வழி என்று பிரிக்க முடியாது. வாட்டர் சர்வீஸில் வைத்திருக்கும் பிரஷர் கன்னும் வேண்டாம், ஒழுகாத இடத்தையும் அது ஒழுக வைத்துவிடும். பவுடரில் நீர் நடந்த தடம் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பின்தொடர்ந்து மேலே போங்கள். பீடிங் மேல் சந்தேகமிருந்தால், ஒரு பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வரும் இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை.

இவ்வளவுக்கும் பிடிபடவில்லை என்றால் சாயம் இருக்கிறது. ஜெர்மனியில் டான்யூப் ஆற்றின் நீர் இம்மெண்டிங்கன் என்ற ஊருக்கு அருகே சுண்ணாம்புப் பாறைக்குள் மறைந்து போகும். அது எங்கே வெளிவருகிறது என்று ஆற்றோரத்து ஆலைக்காரர்களுக்குள் வழக்கு. 1877-இல் அடோல்ஃப் க்னோப் என்ற புவியியலாளர் மறையும் இடத்தில் 10 கிலோ சோடியம் ஃபுளோரசீனைக் கரைத்துவிட்டார். சுமார் 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆக் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. அந்த ஊற்று ரைன் நதியில் போய்ச் சேருகிறது. ஒரு நதியின் நீர் தரைக்கு அடியில் இன்னொரு நதிக்குப் போவது அப்படி நிரூபணமானது. நம் காரின் கேள்வியும் இதுவே, அளவுதான் சிறியது. வைப்பருக்கு அடியில் பள்ளத்தில் தேங்கும் நீரில் இந்தச் சாயத்தை ஒரு சிட்டிகை கலந்துவிட்டு, உள்ளே நீல ஒளி டார்ச் அடித்தால் பச்சைத் தடம் பளிச்சிடும்.

அந்தச் சாயத்தை அடோல்ஃப் ஃபான் பேயர் 1871-இல் உருவாக்கியபோது நதியையோ காரையோ நினைத்திருக்க முடியாது. சாயங்களின் வேதியியல் மேல் இருந்த ஆர்வம் அது. இன்று கண் மருத்துவர் கருவிழியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கவும் அதையே பயன்படுத்துகிறார். "இதனால் என்ன பயன்?" என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாத ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் காருக்கு வருவோம். அவர் வைப்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, இரண்டு ஓரத்து வடிகால்களையும் பார்க்கட்டும். சில்வர் ஓக் இலை மக்கி அடைத்திருக்கும் என்பது என் ஊகம். அடைப்பால் பள்ளத்தில் தேங்கிய நீர், ஏதோ ஒரு மூட்டு வழியாகவோ வயர் ரப்பர் வழியாகவோ உள்ளே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் சரிவைப் பார்த்து ஓடியிருக்கும். கார் மேட்டைப் பார்த்து நிற்பதால் சரிவு பின்பக்கம், அதனால்தான் பின்சீட்டுக் காலடி. சந்தேகமிருந்தால் ஒரு மழைக்குக் காரைத் திருப்பி, முன்பக்கம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்தட்டும். ஈரம் முன்சீட்டுக் காலடிக்கு இடம் மாறி, பின்சீட்டுக் காலடியின் ஃபோம் முழுக்கக் காய்ந்திருந்தால் பின்கதவுக்கு இதில் சம்பந்தமில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வழியை அடைத்தபின் ஃபோமைக் காயவைப்பதில் அலட்சியம் வேண்டாம். சீட்டுக்கு அடியில் வயர் இணைப்புகள் போகின்றன, ஈரத்தில் அவை பச்சைக் களிம்பு பூத்துவிடும். கோத்தகிரியின் டிசம்பர் மூட்டத்தில் ஃபோம் காயாது. சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை ஃபோமோடு வெளியே எடுத்து, வெயில் அடிக்கும் சமவெளியில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தால் இரண்டு நாள் விரித்துப் போடுங்கள்.