கோலி சோடாவில் உப்பு போட்டால்

திருநெல்வேலி வெயிலில் ஒரு எலுமிச்சை உப்பு சோடா சொல்லிவிட்டு, கிளாஸைக் கொஞ்சம் கவனியுங்கள். உப்பு விழுந்ததும் சோடா புஸ்ஸென்று பொங்கும். குமிழ்கள் கிளம்புவது உப்புத் துகளின் மேலிருந்துதான். அழுத்தத்தில் கரைந்து கிடந்த கார்பன் டை ஆக்சைடு திரண்டு வெளியேற ஒரு பிடிமானம் வேண்டும். உப்பு அதைக் கொடுக்கிறது.

மட்கும் பிளாஸ்டிக்கைத் தெர்மாகோல்போல நுரையாக்குவதும் இதே சங்கதிதான். மக்காச்சோளம், மரவள்ளி மாவுச்சத்திலிருந்து லாக்டிக் அமிலம் எடுக்கிறார்கள். தயிரைப் புளிக்கச் செய்யும் அதே அமிலம். அதைச் சங்கிலியாகக் கோத்தால் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக். சூடாக்கி இளக்கிய பி.எல்.ஏ.வுக்குள் கார்பன் டை ஆக்சைடை மிகுந்த அழுத்தத்தில் கரையவிட்டு, அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் நுரைத்து எழும்.

ஆனால் இளகிய பி.எல்.ஏ.வுக்கு இழுவை தாங்கும் வலு குறைவு. குமிழ்ச் சுவர்கள் கிழிந்து, பக்கத்துக் குமிழ்கள் ஒன்றாகிப் பெரிய ஓட்டைகளாகிவிடும். இங்கேதான் கார்பன் நானோகுழாய் வருகிறது. 1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகமே திரும்பிப் பார்த்த பொருள் அது. ஒரே அணு கனமுள்ள கார்பன் தாளை, பத்தமடைப் பாயைப் போலச் சுருட்டி ஓரங்களை இணைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். விட்டம் சில நானோமீட்டர்தான்; தலைமுடி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு தடிமன்.

இந்தக் குழாய்கள் முதலில் உப்பின் வேலையைச் செய்கின்றன: எண்ணற்ற இடங்களில் குமிழ் பிறப்பதால் குமிழ்கள் சிறிதாக, நெருக்கமாக அமைகின்றன. அப்புறம் வைக்கோலின் வேலை. மண்சுவருக்குக் குழைக்கும் மண்ணில் வைக்கோல் போட்டு மிதிப்பார்களே, அதுபோலக் குமிழ்ச் சுவருக்குள் கிடந்து அது கிழியாமல் பிடித்துக்கொள்கின்றன. ஒன்றையொன்று தொடும் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் நுரை மின்சாரத்தையும் கடத்தும். மின்காந்த அலைகளைத் தடுக்கும் உறையாக இதைப் பயன்படுத்தப் பார்ப்பது அதனால்தான்.

சரியாகக் கலப்பதுதான் பெரும்பாடு. கூழ் காய்ச்சும்போது மாவு கட்டி தட்டுவதுபோல நானோகுழாய்களும் திரண்டுகொள்ளும். கட்டி விழுந்த இடத்தில் நுரை பலமாவதற்குப் பதில் பலவீனமாகும்.

குறுக்குத்துறையில் தாமிரபரணி ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும் தெர்மாகோல் துண்டுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். அதற்காக, இந்த நுரையை ஆற்றில் போட்டால் கரைந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பி.எல்.ஏ. ஒழுங்காக மட்க 60 டிகிரியை ஒட்டிய சூடும் ஈரமும் உள்ள உரக்கிடங்கு வேண்டும். அது மட்கினாலும் உள்ளே இருக்கும் நானோகுழாய் அவ்வளவு எளிதில் மட்காது. நீளமான, விறைப்பான குழாய்கள் விலங்குச் சோதனைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இழைபோலத் தீங்கு செய்ததும் தெரியவந்திருக்கிறது. அதனால் சாப்பாட்டுத் தட்டுக்கு இது வேண்டாம் என்பேன். திரும்ப வாங்கிக்கொள்ள வழியுள்ள மின்னணுக் கருவிகளின் உறைக்குப் பயன்படட்டும். தட்டுக்கு நம்மிடம் வாழை இலை இருக்கிறது.