வீட்டார் ஒப்பாத காதல் மணம்: தென்னாப்பிரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது?

தென்னாப்பிரிக்காவில் 18 வயது நிறைந்தவருக்கு மணம் செய்யப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. முன்பு 21 வயது என்றிருந்தது. 2007 ஜூலை 1 முதல் 18. மாப்பிள்ளை டர்பனின் உழைக்கும் மக்கள் பகுதியான சாட்ஸ்வர்த், பெண் வசதியானவர்கள் வாழும் உம்ஹ்லாங்கா என்ற வேறுபாட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 18 நிறையாதவர்கள் காத்திருப்பதே நல்லது.

மணத்தை எதிர்ப்பவர், அதை நடத்தும் மண அதிகாரியிடம் (மணம் நடத்திவைக்கச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர்) ஆட்சேபத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது 1961 திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. சட்டத்தடை உண்டா என்பதை மட்டுமே அதிகாரி விசாரிப்பார். ஒருவர் ஏற்கெனவே மணமானவர், நெருங்கிய இரத்த உறவு போன்றவைதான் தடை. "அவர்களுக்கு வசதி போதாது", "நம்ம ஆட்கள் இல்லை" என்பவை தடை ஆகா.

இருவரின் ஐடியும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். முன்பு மணமுறிவு ஆகியிருந்தால் அந்தத் தீர்ப்பு நகலும் வேண்டும். ஐடியை வீட்டார் பூட்டி வைத்துக்கொண்டால் அஞ்ச வேண்டாம்: ஐடிக்குப் பதிலாக உரிய பிரமாணப் பத்திரம் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. வீட்டில் மணம் நடந்தால் கதவு திறந்திருக்க வேண்டும்.

அவசரமாகக் கோயிலுக்குப் போய்த் தாலி கட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பூசாரி மண அதிகாரியாக நியமிக்கப்பட்டவர் இல்லையென்றால், சட்டத்தின் கண்ணில் அது திருமணம் அல்ல. பிரிய நேர்ந்தால் மணமுறிவு வழக்கும் சொத்துப் பங்கும் சிக்கலாகும். "உங்களுக்கு மண அதிகாரி நியமனம் உண்டா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் வீடு திரும்பாதீர்கள்.

வசதியுள்ள வீட்டாரின் உண்மையான பயம் பெரும்பாலும் சொத்துதான். அதற்குப் பதில் உண்டு. ஒன்றும் எழுதாமல் மணந்தால் இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். உயிலில் விலக்கப்படாத பரம்பரைச் சொத்தும் அதில் சேரும். மணத்துக்கு முன்பே நோட்டரி முன் ஒப்பந்தம் எழுதி, கையெழுத்தான 3 மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிந்துவிட்டால் சொத்து தனித்தனி. 1984 மணச் சொத்துச் சட்டப்படி, பங்கு வேண்டாம் என்று அந்த ஒப்பந்தத்தில் விலக்கவில்லையென்றால், மண வாழ்வில் சேர்ந்த சொத்து வளர்ச்சியில் மட்டும் பங்கு உண்டு. பரம்பரையாகவும் பரிசாகவும் வந்தவை அந்தக் கணக்கில் வராது. இதைப் பெற்றோரிடம் காட்டுங்கள், பாதிச் சண்டை தணியும். மணம் முடிந்தபின் இந்தச் சொத்து ஏற்பாட்டை மாற்ற நினைத்தால் இருவரும் உயர் நீதிமன்றம் போக வேண்டும், செலவு அதிகம். ஆனால், "உயிலில் எழுதமாட்டேன்" என்று அப்பா சொன்னால் அது அவர் உரிமை.

அடி, மிரட்டல், அறையில் பூட்டுதல் என்று போனால் 1998 குடும்ப வன்முறைச் சட்டம் பெற்றோருக்கும் அண்ணன்மாருக்கும் பொருந்தும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவுக்கு மனுக் கொடுக்கலாம். மனுவுக்குக் கட்டணம் இல்லை. தேதி, காயம், மிரட்டல் செய்தி எல்லாவற்றையும் எழுதிச் சேருங்கள். உத்தரவோடு கைது வாரண்டும் தயாராகும்; மீறினால் அதை எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையம் போங்கள்.