ஆத்தங்குடிக் கல்லும் கேலக்ஸிக் கொத்தின் எடையும்

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், அடி தடித்த கண்ணாடி டம்ளர் ஒன்றை வைத்து மேலிருந்து பாருங்கள். கல்லின் நேர்க்கோடு உள்ளே வளைந்து தெரியும். விளிம்பை ஒட்டிய பூ இழுபட்டு வில்லாக நீளும். கோடு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைக் கொண்டே கண்ணாடி எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று சொல்லிவிடலாம். ஈர்ப்பால் சேர்ந்து கிடக்கும் கேலக்ஸிக் கூட்டங்களான கேலக்ஸிக் கொத்துகளுக்குள் நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்று அளப்பதும் ஏறக்குறைய இந்த வழியில்தான். அங்கே டம்ளரின் வேலையை ஈர்ப்புவிசை செய்கிறது. தரைக்குப் பதில் கொத்துக்கு வெகு பின்னால் இருக்கும் கேலக்ஸிகள்.

பெரிய கொத்து ஒன்றில் ஆயிரத்துக்கு மேல் கேலக்ஸிகள் இருக்கும். கொத்துகளின் மொத்த நிறை சூரியனைப்போல 100 லட்சம் கோடி மடங்கில் தொடங்கி 1,000 லட்சம் கோடி மடங்கு வரை போகும். இதற்கு ஐந்தொகை எடுத்தால், 100 ரூபாயில் விண்மீன்களின் பங்கு இரண்டு மூன்று ரூபாய்தான். சூடான வாயு 12 ரூபாய் அளவு. மீதி 85 ரூபாயும் ஒளியே விடாத கரும்பொருள். 1933-இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா என்ற கொத்தைப் பார்த்தபோது, அதன் கேலக்ஸிகள் நொடிக்கு 1,000 கிலோமீட்டர் அளவில் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரிந்த நிறை மட்டும் இருந்திருந்தால் அவை என்றோ சிதறியிருக்கும்.

வாயுவைக் கொண்டும் எடை போடலாம். அது கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் எக்ஸ் கதிர் விடுகிறது. ஆனால் அடர்த்தியோ லிட்டருக்கு ஒன்றிலிருந்து சில பத்து அணுக்கள்தான். 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி இந்தக் கதிரைத்தான் பார்க்கிறது. வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரைத் தாங்கியது அது. வாயுவின் அழுத்தம் ஈர்ப்பைச் சரியாகத் தாங்கி நிற்கிறது என்று வைத்துக்கொண்டு நிறையைக் கணக்கிடுவார்கள். சிக்கல் அங்கேதான். வாயு கொந்தளித்துக்கொண்டிருந்தால் அந்த அசைவும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கும். அதைச் சேர்க்காமல் விட்டால் விடை 10 முதல் 30 விழுக்காடு வரை குறைந்துவிடலாம்.

டம்ளர்போல ஈர்ப்பு ஒளியை வளைப்பதற்கு ஈர்ப்பு வில்லை என்று பெயர். அதற்கு இந்தத் தொல்லை இல்லை. பொருள் ஓடுகிறதா நிற்கிறதா என்று அது கேட்பதில்லை. மையத்தருகே பின்னணிக் கேலக்ஸிகள் நீண்ட விற்களாகவே தெரியும். வெளியே போனால் நெளிவு சில விழுக்காடுதான், தனியாக ஒன்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆத்தங்குடிக் கல்லில் வண்ணச் சாந்தைக் கையால் ஊற்றுவதால் ஒரு பூவைப்போல அச்சு அசலாக இன்னொரு பூ அமையாது. கேலக்ஸிகளும் அப்படித்தான், ஒவ்வொன்றும் பிறவியிலேயே ஏதோ ஒரு பக்கம் நீண்டிருக்கும். இந்த இயல்பான நீட்சி 0.3 அளவு, தேடும் நெளிவு 0.05 என்று வைத்துக்கொள்வோம். 900 கேலக்ஸிகளைச் சராசரி எடுத்தால் பிழை 0.3-ஐ 30-ஆல் வகுத்த 0.01-க்கு இறங்கும், நெளிவு துலங்கும். பூவுக்குப் பூ உள்ள வேறுபாடு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் பொதுவான சாய்வு மட்டும் மிஞ்சும்.

பிழை நுழையும் இடங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, காற்றும் தொலைநோக்கியின் ஆடியும் தாமே படத்தை நீட்டிவிடும். விண்மீன் புள்ளியாகத் தெரிய வேண்டியது, ஆகவே அதே படத்தில் விண்மீன்கள் எவ்வளவு நீண்டிருக்கின்றன என்று அளந்து அதைக் கழிக்கிறார்கள். இரண்டு, கொத்தின் சொந்தக் கேலக்ஸிகள் பின்னணிக் கணக்கில் கலந்துவிடுவது. அவை நெளிந்திருக்காது, சராசரியை நீர்த்துப்போகச் செய்யும், எடை குறைவாக வரும். தூரத்தை நிறத்தால் தோராயமாகப் பிரித்து இதைத் தவிர்க்கிறார்கள்.

இப்படி வரைந்த நிறைப்படம் காட்டும் செய்தி அருமையானது. மையத்தருகே தூரம் இரட்டித்தால் அடர்த்தி பாதியாகிறது. வெளிப்புறத்தில் தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகிறது. அடர்த்தி நடுவில்தான் அதிகம். ஆனால் வழக்கமாக எல்லை என்று கொள்ளும் தூரத்தின் முதல் கால்பகுதிக்குள் அடங்குவது மொத்த நிறையில் ஏறத்தாழ கால் பங்கே. வெளிவட்டத்தின் கொள்ளளவு அவ்வளவு பெரிது.

அதற்கப்பால் இன்னொரு விளிம்பும் உண்டு. செட்டிநாட்டு வீட்டு வளவில் தொங்கும் ஊஞ்சல், வீச்சின் நுனியில்தான் மெல்ல நகர்ந்து திரும்பும். புதிதாக விழுந்த பொருளும் மையத்தைக் கடந்து மறுபக்கம் போய், திரும்பும் இடத்தில் அதிக நேரம் தங்கிக் குவிகிறது. அதைத் தாண்டியதும் அடர்த்தி சட்டெனச் சரியும்.

சரிந்தாலும் வெறுமை இல்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி நடக்கும் சாலைபோல, கொத்துகளை நோக்கிப் பொருள் நீளும் இழைகள் உண்டு. அப்படி ஓர் இழை நம் பார்வைக் கோட்டிலேயே அமைந்துவிட்டால் அதன் நிறையும் கொத்தின் கணக்கில் ஏறிவிடும். எந்தத் திசையில் கிடக்கிறது என்று ஒற்றைக் கொத்தை வைத்துச் சொல்வது கடினம். அதனால்தான் நூற்றுக்கணக்கான கொத்துகளின் படங்களை மையம் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அளக்கிறார்கள்.