எழுத்துக்கூட்டிப் படித்தால் போதுமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே இதுதான் அதிகம். எனக்கும் இதில் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கணக்கு, 7 வயது நிரம்பியவர்களைப் பற்றி வீட்டில் உள்ளவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டது. யாரையும் ஒரு வரி வாசிக்கச் சொல்லிப் பார்த்ததில்லை.

தக்கலையில் எங்கள் பக்கத்து வீட்டில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. 'தோட்டத்தில் பலாப்பழம் பழுத்திருந்தது' என்பதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பிழையில்லாமல் வாசித்துவிட்டாள். "என்ன பழுத்திருக்கு மக்களே?" என்று கேட்டேன். விரலை மறுபடியும் முதல் எழுத்துக்குக் கொண்டுபோனாள்.

இது கவனக்குறைவு இல்லை. நம் மூளை ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கக்கூடியவை நான்கைந்துதான்; சிறுபிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. அந்தச் சிறிய இடம் முழுவதையும் எழுத்துக்கூட்டுவதே எடுத்துக்கொள்கிறது. தமிழில் அந்த வேலையும் லேசானதல்ல. 'கெ' என்பதில் கொம்பு முதலில் கண்ணில் படும், ஆனால் அதன் ஒலி பிறகுதான் வரும். கடல், தங்கம், பகல் மூன்றிலும் 'க' ஒன்றுதான், காதுக்கு மூன்று விதம். இத்தனையும் கடந்து வரி முடிவதற்குள் முதல் சொல் நழுவிவிடுகிறது. திரும்பத் திரும்ப வாசித்தால், மூளையின் இடது பக்கத்தில் பின்புறம் கீழாக உள்ள ஒரு பகுதி, சொல்லை முகம்போல ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழகுகிறது. அப்போதுதான் பொருளுக்கு இடம் கிடைக்கும்.

அப்புறம், எங்கள் பக்கம் வீட்டில் பலாவைச் 'சக்கை' என்போம். மரவள்ளி எங்களுக்கு மரச்சீனி. சரியாக வாசித்தாலும் புத்தகச் சொல் வீட்டுச் சொல்லோடு சேரவில்லையென்றால் அது வெறும் ஒலிதான். அதை இணைத்துச் சொல்ல அரை நிமிடம் போதும். நம்மில் பலர் அதைச் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

2022-ல் தமிழ்நாடு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று, அவர்கள் நிற்கும் நிலையைப் பார்த்துப் பிரித்தது. அது சரியான வழி என்றே நினைக்கிறேன்.

கணக்கிலும் இதே கதைதான். 'முந்நூற்று ஐந்து' என்றதும் அந்தச் சிறுமி 3005 என்று எழுதினாள். 300, பிறகு 5, காதில் விழுந்தபடியே. ஓலையிலிருந்து ஈர்க்கு கிழித்து, பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு பெரிய கட்டாக்கினோம். மூன்று பெரிய கட்டு, ஐந்து தனி ஈர்க்கு. "நடுவுல சின்னக் கட்டு ஒண்ணும் இல்லையே" என்றாள். அந்த இடத்தில் 0 போடச் சொன்னேன்.