ஓ.டி.பி. அவருக்க போனுக்குத்தான் வரும்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம் இ-சேவை மையம் நடத்துகிறேன். போன வாரம் அண்டி ஆபீஸில் (முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை) வேலை பார்க்கும் ஒரு அக்கா, அரை நாள் கூலியை விட்டுவிட்டு, மகளின் ஸ்காலர்ஷிப்புக்காக வருமானச் சான்றிதழ் எடுக்க வந்தார். ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க என்றேன். "எனக்க நம்பர் இல்ல மக்ளே, அவருக்க நம்பர்தான் குடுத்திருக்கு." அவரோ கொத்து வேலைக்குத் திருவனந்தபுரம் போயிருக்கிறார். ஆறு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

சரி, ஆதார் மையத்துக்குப் போய் சொந்த நம்பரைச் சேர்த்துவிட்டு வாங்க என்று அனுப்பினேன். அங்கே கைரேகை விழவில்லை. அண்டி உடைத்து உடைத்து, தோட்டு எண்ணெய் பட்டு, விரல் நுனியெல்லாம் வெந்து வழவழவென்று ஆகியிருந்தது.

ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் வந்தால் எல்லாருக்கும் வழி திறந்துவிடும் என்று நானும்தான் நம்பினேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர், பெண்கள் 33 பேர். பிரவுசிங் சென்டர் காலத்திலும் இதே கதைதான். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மறைக்கும் தடுப்பு நாலரை அடிக்கு மேல் கூடாது என்று 2011-இல் விதி வந்தது, ஆனால் பையன்கள் பைக்கைச் சாய்த்து நிற்கும் வாசலைத் தாண்டிப் பெண்பிள்ளைகள் உள்ளே வருவதற்கு எந்த விதியும் உதவவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்த பிள்ளைகளுக்கு அந்தக் கவலையே கிடையாது, வெளியே போனால்தான் உண்டு என்றிருந்த பிள்ளைகள்தான் வராமல் போனார்கள்.

அதனால் அக்காமாரே, நம்பர் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்கட்டும். ஆதாரில் போன் நம்பரை மாற்ற தனியாகச் சான்று எதுவும் வேண்டாம், நேரில் போனால் போதும். ஒரு விரல் விழாவிட்டால் மற்ற விரல்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் ஆகாவிட்டால் கருவிழியை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், பலர் கேட்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். மையத்துக்காரர் தன் நம்பரைப் போட்டுக்கொள்கிறேன் என்றால் (நான் உட்பட யாராக இருந்தாலும்) சம்மதிக்காதீர்கள். உங்கள் பெயரில் திறக்கும் கணக்கின் பாஸ்வேர்டை உங்கள் நோட்டில் எழுதி வாங்குங்கள். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், பெயரில் ஓர் எழுத்து மாறினால் அப்புறம் தாலுகா ஆபீஸுக்கு அலைவது நீங்கள்தான்.

இதற்காகவே ஆட்கள் பக்கம் பார்க்கிற மாதிரி இன்னொரு திரை மாட்டி, முன்னால் ஒரு நாற்காலியும் போட்டேன். முதலில் வந்து உட்கார்ந்தது ஒரு அண்ணாச்சி. விண்ணப்பம் அவர் மனைவியுடையது, அந்த அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.